வண்டியா, காலா

எங்கள் பட்டறை வரிசையில் அவருக்கு நாற்பது என்று பெயர். அது வயது இல்லை. வயது அறுபத்து மூன்று. அவர் ஓட்டும்போது வேகமுள் நாற்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை, அதனால் வந்த பெயர். பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்துபோவான். இவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "முன்னாடி போய் இடம் பிடிச்சு வைங்க சாமி, வந்துடுறேன்" என்பார்.

பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறியவர். லாரி, பஸ், கம்பெனி வேன் என்று எல்லாம் ஓட்டிவிட்டுக் கடைசியில் அந்தப் பழைய காரைச் சொந்தமாக வாங்கினார். கார்புரேட்டர் வைத்த வண்டி. கதவைச் சாத்தினால் தகரப் பெட்டியை மூடுகிற சத்தம் வரும். ஆனால் உள்ளே ஒரு தூசி இருக்காது. செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தார். வாரத்தில் மூன்று நாள், சிறுநீரகம் கெட்டுப்போன மூன்று பேரை ரத்தம் சுத்தம் செய்யும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். நாலு மணி நேரம் வாசலிலேயே காத்திருந்து, துவண்டுபோய் வருகிறவர்களைக் கைத்தாங்கலாக ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விடுவார். ஒரு குலுக்கல் இருக்காது. அதற்காகவே அந்த மூன்று பேரும் வேறு வண்டியில் ஏறமாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பெயர் கெட்டது. ஆஸ்பத்திரி கேட்டுக்குள் திரும்பும்போது கார் துள்ளிப் பாய்ந்து தூணில் போய் மோதியது. பின்சீட்டில் இருந்த டீச்சரம்மாவுக்கு உதடு கிழிந்து இரண்டு தையல். மற்ற இரண்டு பேருக்கும் பயத்தோடு போயிற்று. என்ஜின் அலறியதை வாட்ச்மேன் கேட்டிருக்கிறான். அது போதாதா? கிழவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார் என்று வாசலில் நின்ற அத்தனை பேரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவருடைய மாப்பிள்ளை அன்றைக்கே சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பதினோரு நாள் கழித்து அந்த மாப்பிள்ளைதான் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். "முன்பக்கத்தை நிமிர்த்திக் குடுங்க. வித்துடப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் நாற்பது நடந்து வந்தார். அவர் நடந்து வந்து நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு பார்த்துச் சொல்லு. வண்டியா, காலா?"

"எந்தக் காலுண்ணே?"

"என் காலுதான்." செருப்பைக் கழற்றி வலது காலை என் முன்னால் நீட்டினார், ரிப்பேருக்குக் கொண்டுவந்த சாமான் மாதிரி. "நான் மிதிச்ச ஞாபகம் இல்ல. ஆனா எல்லாரும் மிதிச்சேங்கிறாங்க. தெரியாமலே மிதிச்சிருந்தா அது பெரிய தப்பு, அதுக்கப்புறம் நான் ஏறக் கூடாது. யாரும் பிடுங்க வேணாம், நானே விட்டுடுறேன். காலா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

அவர் ஓட்டுகிற விதம் எனக்குத் தெரியும். கேட்டில் நுழையும்போது ஆக்சிலரேட்டரைத் தொடமாட்டார். முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு, என்ஜின் சும்மா ஓடுகிற வேகத்திலேயே ஊர்ந்து போவார். நோயாளிகள் குலுங்கக் கூடாதே.

பானட்டைத் திறந்தேன். கார்புரேட்டர் முழுக்கக் கருப்புப் பிசின். இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங். ஆக்சிலரேட்டர் கேபிள் அந்த வண்டியுடையதே இல்லை. ஏதோ வேனுடையது, ஒரு முழம் அதிகம். அதிகமான முழத்தை வளையமாகச் சுருட்டிக் கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தது. யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். பக்கத்துப் பட்டறைக்காரனுக்குப் பெயரே கட்டுக்கம்பி. அவனிடம் விட்டால் பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டியைக்கூடக் கம்பி போட்டுக் கட்டி அனுப்பிவிடுவான்.

அசிங்கமாக இருக்கிறதே தவிர, வேலை செய்கிறதா என்று பார்த்தேன். பெடலை அழுத்தி விட்டேன். டக்கென்று திரும்பியது. பத்துத் தடவை பார்த்தேன், பத்துத் தடவையும் திரும்பியது. கேபிளில் இருக்க வேண்டிய தளர்ச்சியும் இருந்தது.

"கேபிள் சரியாத்தாண்ணே இருக்கு" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொள்ள மூன்று தடவை முயற்சி செய்தார், கால் உள்ளே போகவில்லை. பிறகு போயிற்று. போய்விட்டார்.

மறுநாள் தகரத்தை நிமிர்த்திவிட்டு வண்டியை நிழலுக்கு மாற்றலாம் என்று ஸ்டார்ட் செய்தேன். நடுவில் ஒரு ஆள் ஸ்டெப்னி கேட்டு வந்தான். என்ஜினை ஓடவிட்டுவிட்டு அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். திரும்பி வந்து ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி விட்டேன். காலை எடுத்துவிட்டேன், என்ஜின் இறங்கவில்லை. அப்படியே நின்று அலறியது. பெடலுக்கு அடியில் விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை.

அணைத்துவிட்டுக் கேபிளைத் தொட்டேன். விரல் சுட்டது. அந்தக் கம்பிக் கட்டு தளர்ந்து, வளையம் கீழே இறங்கி, சைலன்சர் குழாய் மேல் சொகுசாகப் படுத்திருந்தது. கேபிள் உறைக்குள்ளே பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கும். அது சூட்டில் இளகி உள்கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. ஆறினால் விட்டுவிடுகிறது. பதினோரு நாள் ஆறிக் கிடந்த வண்டியை அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு மனுஷனிடம் கேபிள் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். த்தூ.

கட்டுக்கம்பியைக் கூப்பிட்டேன். வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தான்.

"என்னடா இது?"

"கேபிளுண்ணே."

"எந்த வண்டிக் கேபிளு?"

"இதோடது கிடைக்கல. அதான் வேனோடதைப் போட்டேன். ஓடுச்சுல்ல?"

"சைலன்சர் மேலயா கட்டுவ?"

"கட்டும்போது தள்ளித்தாண்ணே இருந்துச்சு."

"அப்புறம் எந்திரிச்சு நடந்து போய்ப் படுத்துக்கிச்சாடா? நல்லாயிருந்த கேபிளை எதுக்கு மாத்தின?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "அவருதான் வந்து, வண்டி ரேஸ் குறைய மாட்டேங்குது, ஊர்ந்து போனா உதறுதுன்னாரு. பார்த்தா ஐட்லிங் ஸ்க்ரூ ஒண்ணரைச் சுத்து உள்ள போயிருக்கு. நீங்க வச்ச ஸ்க்ரூ. அதை நான் தொடலாமா? அதான் கேபிளா இருக்கும்னு மாத்தினேன்."

குனிந்து அந்த ஸ்க்ரூவைப் பார்த்தேன்.

எங்கள் வரிசையில் ஒரு கேவலமான மரியாதை உண்டு. ஒருத்தன் வைத்த ஸ்க்ரூவை இன்னொருத்தன் தொடமாட்டான். தொட்டால் அதற்குப் பிறகு வருகிற கோளாறெல்லாம் தொட்டவன் தலையில் விழும். அதனால் ஸ்க்ரூவை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றுவோம். வண்டிக்காரன் எக்கேடு கெட்டால் என்ன.

என்ஜின் சும்மா ஓடுகிற வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்த ஸ்க்ரூவை வைத்தது நான்தான். இரண்டு மாதம் முன்பு நாற்பது என்னிடம் வந்தார். சிக்னலில் நின்றால் என்ஜின் அணைந்துபோகிறது என்றார். ஏன் அணைகிறது என்று பார்த்திருக்க வேண்டும். அன்றைக்குப் பசி, வெயில், கழுத்தில் வியர்வை. திருப்புளியை எடுத்து ஐட்லிங் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று ஏற்றினேன். என்ஜின் சத்தமாக ஓடியது, அணையவில்லை. "இனிமே நிக்காதுண்ணே, தைரியமா போங்க" என்றேன். எவன் அணைகிற வண்டியைக் கொண்டுவந்தாலும் நாங்கள் எல்லோரும் செய்வது இதுதான். இதற்குப் பெயர் வைத்தியம் இல்லை, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது.

இப்போது உட்கார்ந்து பார்த்தேன். கார்புரேட்டருக்குக் கீழே போகிற ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் நசுக்கினேன். மூன்றாவதை நசுக்கியதும் என்ஜின் ஓட்டம் சட்டென்று மாறியது. கழற்றி வளைத்தால் அடிப்பக்கம் நீளமாக வெடிப்பு. அந்த வழியாகக் காற்றை இழுத்துத்தான் வண்டி அணைந்திருக்கிறது. கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை.

இரண்டு நாள் அலைந்து அந்த வண்டியுடைய கேபிளையே பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தேன். புது ஹோஸ் மாட்டி, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கி, கேபிளை அதற்குரிய கொக்கிகள் வழியாகவே கொண்டுபோனேன். ஒரு மணி நேரம் சூடேற்றி நானே ஓட்டிப் பார்த்தேன். காலை எடுத்தால் சத்தம் அடங்கியது. நின்றால் அணையவில்லை. கட்டுக்கம்பியைச் சட்டையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு அவர் மகள் வீட்டுக்குப் போனேன்.

மகள் கதவைத் திறந்தார். மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு இருந்தார். நாற்பது மாடியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் சுவரைப் பிடிக்கிற ஆள் இல்லை.

"வண்டிதாண்ணே. கால் இல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்க்ரூ, ஹோஸ், கேபிள், மூன்று நாள் முன்பு ஆறின வண்டியைப் பார்த்துவிட்டு உளறினது, ஒன்றையும் மென்று முழுங்கவில்லை. கட்டுக்கம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் மிதிக்கவே இல்லையா?"

"இல்லண்ணே. நீங்க கிளட்சை விட்டப்போ என்ஜின் ஏற்கனவே அலறிக்கிட்டு இருந்திருக்கு. அதான் பாய்ஞ்சிருக்கு. சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

"ரெண்டு மாசமா அது கத்திக்கிட்டுத்தானே இருக்கு" என்றார். "உன்கிட்ட காட்டின நாள்லேருந்து."

மாப்பிள்ளை லேப்டாப்பை மூடினார். "எப்படியோ மாமா, உங்களுக்கும் வயசாயிடுச்சு. இதுதான் சாக்குன்னு விட்டுடலாமே."

"சாக்கு யாருக்கு வேணும்?" நாற்பது அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அன்னைக்கு எத்தனை நிமிஷம் பார்த்த தம்பி என் வண்டியை?"

"மூணு நிமிஷம் இருக்கும்."

"என் மேல எனக்கே அருவருப்பு வந்துடுச்சுடா. இந்தக் காலைத் தொட்டுக் கழுவவே பிடிக்கல. தெரியுமா உனக்கு?"

அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "ரெண்டு சாவி இருந்துச்சு. ஒண்ணு தம்பிகிட்ட இருக்கு. உங்க பையில இருக்கிறதைக் குடுங்க."

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார்.

"குடுங்களேன். அப்பா காலால இல்லைன்னு சொல்லிட்டாங்கல்ல" என்றார் மகள்.

சாவியை வாங்கிக்கொண்டு நாற்பது எங்கள் இருவரையும் பார்த்தார். "ஏறுங்க. டீச்சரம்மா வீட்டுக்குப் போறோம். இங்க சொன்னதை அங்க சொல்லுங்க. நான் சொன்னா சப்பைக்கட்டுன்னு நினைப்பாங்க."

பின்சீட்டில் நானும் கட்டுக்கம்பியும் முட்டியை மடக்கி உட்கார்ந்தோம். சிக்னலில் நின்றபோது என்ஜின் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. கட்டுக்கம்பி என் காதில், "நல்லா வச்சிருக்கீங்கண்ணே" என்றான். ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது.

டீச்சரம்மா முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் வீங்கியிருந்தது. தையல் பிரித்த உதடு இன்னும் கோணிக்கொண்டிருந்தது. நான் முழுக்கச் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. எங்களை உட்காரவும் சொல்லவில்லை. முடித்ததும் எங்களைத் தாண்டி, வாசலில் செருப்பில்லாமல் நின்ற அவரைப் பார்த்தார்.

"ரெண்டு வாரமா வேற வண்டியில போயிட்டு வரேன். எலும்பெல்லாம் கழண்டுடுச்சு. நாளைக்கு ஆறே முக்காலுக்கு வந்துடுவீங்களா?"

"ஆறரைக்கே வந்து நிக்கிறேம்மா" என்றார்.

எங்களைத் திரும்ப ஏற்றிக்கொள்வார் என்று கட்டுக்கம்பி வண்டிப் பக்கம் போனான். நாற்பது காரின் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். பட்டறை வரைக்கும் நடந்தோம்.