கிளம்புகிறவரிடம் கேட்ட கேள்வி

மானிடவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து இரண்டு வருஷம் முடியப்போன சமயத்திலும் நான் என் ஆய்வுக்களத்தைக் காலால் மிதித்திருக்கவில்லை. பஸ் போகாத ஒரு மலைக்கிராமத்தில் ஒரு வருஷம் தங்கி, அங்கே இருப்பவர்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று எழுத வேண்டும், அதுதான் ஆய்வு. போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும். ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்றுக்குத் தேதி முடிந்திருக்கும். அட்டைக்கடிக்கு என்று புகையிலைத்தூளையும் உப்பையும் ஒரு துணியில் முடிந்து பயணப் பைக்குள் வைத்திருந்தேன். நான் காத்திருந்த காத்திருப்பில் அந்த உப்பு கசிந்து, பையின் அடிப்பக்கம் முழுக்கக் கறையாகிவிட்டது.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் உடம்பு வலிதான் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். அங்கிருந்து அருப்புக்கோட்டை, அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை, மதுரையில் ஒரு அலுவலகம், அந்த அலுவலகத்தில் ஒரு மூடிய ஜன்னல். திரும்ப வரும்போது காரியாபட்டி வரைக்கும் நின்றுகொண்டே வருவேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் வெடித்த கரிசலும் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு வரும்போது, இந்தப் படிப்பு என்னை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது என்று தோன்றும். வீட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்பா ஒருகாலத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர், இப்போது ஒரு மில்லில் வாட்ச்மேன். அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறாள். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். நான் ஏதோ பெரிய படிப்பு படிக்கிறேன் என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்லவர், ஆனால் எதையும் ஒத்திகை பார்க்காமல் விடமாட்டார். அனுமதி தாமதமாகிறது என்றதும் அவர் சொன்னார்: "சும்மா உக்காந்திருக்காதீங்க. உங்க ஊர்லயே ஒரு வாரம் முன்னோட்டம் பாருங்க. உங்க ஊரையே முன்னப்பின்ன தெரியாத ஊரா நெனச்சுக்கங்க. தப்பெல்லாம் அங்கேயே பண்ணி முடிச்சிட்டு மலைக்குப் போங்க."

முன்னோட்டத்துக்கு ஒரு படிவம் இருந்தது. காலையில் தெருவில் ஒரே இடத்தில் நின்று, கடந்து போகும் ஒவ்வொருவரையும் பற்றி நான்கு கட்டங்கள் நிரப்ப வேண்டும். நேரம் என்ன, போவது யார், எங்கே போகிறார், எதற்குப் போகிறார். எல்லாரிடமும் ஒரே கேள்வியை ஒரே வார்த்தையில் கேட்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாற்றிக் கேட்டால் பதில்களை ஒப்பிட முடியாது. இதைப் பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கிளம்பிப் போகிறவரிடம் "எங்க போறீக" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டே ஆகவேண்டும் என்றால் "என்ன, தூரமா?" என்று கேட்க வேண்டும். அவருக்கு இஷ்டம் இருந்தால் எங்கே என்று அவரே சொல்வார், இல்லையென்றால் "இந்தா, பக்கத்துலதான்" என்று சொல்லிவிட்டுப் போவார். யாராவது தெரியாத்தனமாக "எங்க" என்று கேட்டுத் தொலைத்தால், போனவர் திரும்பி வீட்டுக்குள் வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம்தான் மறுபடி படியிறங்குவார். இது எங்கள் ஊரில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாத ஊராக நினைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார்களே என்று, தெரிந்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, படிவம் செருகிய பரீட்சை அட்டையும் பேனாவுமாக ஐந்தரை மணிக்கு அடிகுழாய்ப் பக்கம் போய் நின்றேன். அப்போது எனக்கு இருந்த அலுப்பில், படிவத்தை எப்படியாவது நிரப்பிக் கொடுத்தால் போதும் என்றுதான் இருந்தது.

முதல் நாள் முதலில் வந்தவர் ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கிளம்பிய பெரியப்பா. "எங்கே போறீங்க?" என்று கேட்டேன். எங்கள் ஊர்ப் பேச்சில்கூட இல்லை, படிவத்தில் இருந்தபடியே கேட்டேன். அவர் தோளில் இருந்த தொரட்டியைக் கீழே ஊன்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏத்தா, ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்ல பெரியப்பா, படிப்புக்கு."

"படிப்புக்குக் கேக்குறதுக்கு வேற கேள்வியே கெடைக்கலையா?" என்று சொல்லிவிட்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினார். பத்து நிமிஷம் கழித்து வேறு சந்து வழியாகத் தொரட்டி மட்டும் சுவருக்கு மேலே நகர்ந்து போவது தெரிந்தது.

மில் வேனுக்குக் கிளம்பிய பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு வேகமாகக் கடந்தார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போன ஒரு அத்தை மட்டும், "இதுக்கு மேல வெளங்குறதுக்கு என்ன இருக்கு, எழுதிக்க" என்று சொல்லிப் பதில் தந்தார். இரண்டாம் நாள் கூட்டம் பாதியானது. மூன்றாம் நாள் தெருவில் கோழிகள்தான் நடந்தன. ஊரே எனக்காகப் பின்சந்து வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது. அன்றைய குறிப்பேட்டில் நான் எழுதியிருப்பதை இப்போது படித்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது. "காலை வேளையில் நடமாட்டம் குறைந்து வருகிறது. காரணம் ஆராயப்பட வேண்டும்."

நான்காம் நாள்தான் மதினிக்கு ஒரு வேலைக்கான நேர்காணல்.

மதினி என் அண்ணன் மனைவி. பன்னிரண்டாவது முடித்தவர். கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்ச நாள் மில் வேனில் போனார், பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமி இருமி நின்றுவிட்டார். ஊர் அங்கன்வாடிக்கு உதவியாளர் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மதினி முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். நடந்து போகிற தூரத்தில் வேலை, இருமல் வராத வேலை. வயது வரம்புக்கு அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு, அடுத்த முறை எடுக்கும்போது தாண்டியிருக்கும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான். சான்றிதழ் நகல்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்ததும் நான்தான். ஒன்பது மணிக்கு அருப்புக்கோட்டையில் இருக்க வேண்டும், ஏழு பத்து டவுன் பஸ்ஸில் ஏறினால் சரியாக இருக்கும் என்று முந்தின நாள் கணக்குப் பார்த்துச் சொன்னதும் நான்தான்.

காலையில் மதினி தலைக்குக் குளித்து, பச்சைச் சேலை கட்டி, மஞ்சள் பையில் சான்றிதழ்களோடு படியிறங்கி வந்தார். அன்றைக்கு என் படிவத்தில் ஒரு பெயர்கூட விழவில்லை. மூன்று நாளாக ஊர் என்னை ஒதுக்கிய எரிச்சலும் இருந்தது. மதினி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்கே போறீங்க?" என்று கேட்டேன்.

எனக்குத் தெரியாத விஷயமா அது? எங்கே, எதற்கு, எந்த பஸ் எல்லாம் தெரியும். ஆனாலும் மற்றவர்களிடம் கேட்டதுபோலவே மதினியிடமும் கேட்டால்தான் கட்டத்தை முறையாக நிரப்ப முடியும் என்று எனக்குத் தோன்றியது. அப்படி ஒரு கிறுக்குத்தனம்.

மதினியின் சிரிப்பு அப்படியே நின்றது. திரும்பிப் படியேறி உள்ளே போனார். அம்மா வாசலுக்கு வந்து கத்தினாள்.

"கூறுகெட்டவளே! நல்ல காரியத்துக்குக் கெளம்புற பிள்ளைய எங்கன்னா கேப்பாக? இத்தன வருசம் படிச்சு இதத்தான் படிச்சியா?"

"மதினி, நான் சும்மாதான் கேட்டேன். வாங்க, பஸ்ஸு வந்துரும்" என்று நான் உள்ளே ஓடினேன். மதினி நாற்காலியில் உட்கார்ந்து செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "இரு தாயி, ஒரு நிமிசம்" என்றார். நான் சொல்லி அவர் எழுந்திருக்கப் போவதில்லை. கண்மாய்க்கரைத் திருப்பத்தில் பஸ் ஹாரன் கேட்டது. செம்பை வைத்துவிட்டு மதினி ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் ரோட்டுக்கு வந்தபோது புழுதிதான் இருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன், லோடு ஏற்றிக்கொண்டு மல்லாங்கிணறு தாண்டிவிட்டேன் என்றான். தெருவில் பைக் வைத்திருந்த இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். எட்டு இருபது மினிபஸ்ஸைப் பிடித்துத் திருச்சுழி போய், அங்கே வண்டி மாறி, மதினி அருப்புக்கோட்டை சேர்ந்தபோது பத்தாகிவிட்டது. அவர் பெயர் முன்னாலேயே கூப்பிட்டு முடிந்திருந்தது. கடைசியில் உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். வேலை பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்குக் கிடைத்தது.

சகுனத்தில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. ஆனால் பஸ் போனது போனதுதான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் மதினி அந்த பஸ்ஸில் ஏறியிருப்பார். சரியான நேரத்துக்குப் போயிருந்தாலும் வேலை கிடைத்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அதை வைத்து நான் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன், ஆகவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனபோது மதினி அரிசி களைந்துகொண்டிருந்தார். "கெடைக்கணும்னு இருந்தா கெடைச்சிருக்கும், விடு தாயி" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை வடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்குச் சோறு போட்டார், என் துணியையும் சேர்த்துத் துவைத்தார், ஆனால் வாசலில் நின்று என்னோடு வெட்டிப்பேச்சு பேசுவது நின்றுபோனது. கொஞ்ச நாளில் மறுபடியும் மில் வேனில் போக ஆரம்பித்தார். சாயங்காலம் வேன் சத்தம் கேட்கும், அதற்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்கும். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நடந்ததை மறைக்காமல் எழுதி முன்னோட்ட அறிக்கையைக் கொடுத்தேன். பேராசிரியர் படித்துவிட்டு நிமிர்ந்தார், கண்ணில் அவ்வளவு சந்தோஷம். "பிரமாதம். முன்னோட்டம்னா இதுதான். இந்தச் சம்பவத்தையே தனி இயலா விரிச்சு எழுதுங்க" என்றார். அறிக்கையில் மதினி 'தகவலாளி பதினொன்று'. எனக்கு அந்த அறையில் உட்காரவே பிடிக்கவில்லை. படிவத்தின் மூன்றாவது கட்டத்தை அடித்துவிட்டு, "தூரமா?" என்று மாற்றிக் கொடுத்தேன். "இதுக்குச் சரியான பதில் வராதே, எப்படி வகைப்படுத்துவீங்க?" என்று கேட்டார். சொல்கிறவர் சொல்வதை மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்றேன். மலையில் இருப்பவர்கள் எதைக் கேட்கக் கூடாது என்று நினைப்பார்களோ, அதை முதலில் தெரிந்துகொண்டு அப்புறம் அட்டையைத் தூக்குகிறேன் என்றும் சொன்னேன். அவர் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஆவணியில் அனுமதி வந்தது. நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. கறைபட்ட பையைத் துவைத்துக் காயவைத்து, புது உப்பு முடிந்து, காலை ஏழு பத்து பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அம்மா திருநீறு பூசிவிட்டாள். அப்பா "பாத்து இரு" என்று மட்டும் சொன்னார். மதினியைக் காணவில்லை. மில்லுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மனசு கனமாகத்தான் இருந்தது. போகிற நாளிலாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று இருந்தது.

தெருவில் ஆட்கள் இருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியப்பா தொரட்டியை ஓரமாகப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார். அடிகுழாயைத் தாண்டும்போது எதிரே மதினி வந்தார். இடுப்பில் குடம், விளிம்பு வரை தண்ணீர், தளும்பிச் சேலை நனைந்திருந்தது. மில் வேன் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கிளம்புகிறவருக்கு எதிரே நிறைகுடம் வந்தால் போகிற காரியம் நடக்கும் என்பார்கள்.

எனக்கு முன்னால் வந்து நின்று, "என்ன தாயி, தூரமா?" என்று கேட்டார்.

"தூரந்தான் மதினி" என்றேன்.

"போயிட்டு வா. பஸ்ஸு வந்துரும், ஓடு."

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், அன்றைக்குத் தண்ணீர் வராத நாள். அடிகுழாயோ கோடையிலேயே வற்றிவிட்டது. எட்டிப் பார்த்தேன். மதினி அந்தக் குடத்தை அப்படியே சுமந்துகொண்டு, இருமியபடி, வீட்டு டிரம்மில் திரும்ப ஊற்றுவதற்குப் போய்க்கொண்டிருந்தார்.