முளை பிடுங்கும் கை

அந்தப் பொம்மைக் கார் பட்டறையில் அவருக்குப் பெயர் கட்டைவிரல். முதலாளி முதல் பெட்டி ஒட்டுகிறவர்கள் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் அதை ஏதோ பட்டம் வாங்கியதுபோலத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் வேலை இதுதான். சரிவாகச் சாய்த்து வைத்த நீளப் பலகையின் மேல்முனையில் மரக்காரை நிறுத்தி, அது உருண்டுவிடாமல் ஒரு முளையால் தடுத்திருப்பார். வலது கையால் முளையைப் பிடுங்க வேண்டும். அதே நொடியில் இடது கட்டைவிரலால் ஸ்டாப்வாட்ச்சை அமுக்க வேண்டும். கார் கீழ்க்கோட்டைத் தொட்டதும் மறுபடி ஓர் அமுக்கு. குறித்த நேரத்துக்குள் வந்தால் கார் பெட்டிக்குப் போகும். தாமதித்தால் சக்கரம் மாட்டுகிறவளிடம் திரும்பிப் போகும்.

சக்கரம் மாட்டுகிறவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு மகளோடு வந்து நின்றவளை அவரேதான் பட்டறையில் சேர்த்துவிட்டார். சேர்த்த அன்றே, "உள்ள வந்துட்டா நீ தங்கச்சி இல்ல, சக்கரம் மாட்டுறவ. ஓடலன்னா திருப்பித்தான் அனுப்புவேன்" என்றார். சொன்னதோடு விட்டாரா? அதைப் பட்டறை முழுக்கச் சொல்லித் திரிந்தார். நியாயஸ்தர்களில் சிலர் இப்படி. தராசைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடக்கூட உட்கார மாட்டார்கள்.

கொஞ்ச மாதங்களாகத் தங்கையின் கார்கள் கூடை கூடையாகத் திரும்பின. அவள் அச்சைத் தேய்த்தாள், மெழுகு தடவினாள், மாட்டிய சக்கரத்தைக் கழற்றி மறுபடி மாட்டினாள். விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிற்று. கார்கள் திரும்பிக்கொண்டேதான் இருந்தன. "என் கையிலதான் ஏதோ கோளாறுண்ணே" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். கட்டைவிரல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை, பொறுமைதான் கிடையாது. கட்டைவிரலை அறைக்குக் கூப்பிட்டார்.

"சக்கரத்துக்கு வேற ஆள் போடலாம்னு இருக்கேன்."

"கொஞ்சம் பொறுங்க மொதலாளி. அவளுக்கு வேற போக்கிடம் இல்ல."

"நான் அனுப்புனா அவ அழுவா, நீ மூஞ்சியத் தூக்கி வச்சுப்ப. ஒண்ணு செய். ஒரு டைமர் பாத்து எடுத்துட்டு வா. மிஷினும் காரு மெதுவுன்னு சொல்லிடுச்சுன்னா அவ கிளம்பட்டும், யாரும் யாரையும் குறை சொல்ல வேணாம். ஆனா ஒரு ஜோடி செருப்பு விலைக்கு மேல போகக் கூடாது."

"யார் செருப்பு? உங்களதா, என்னுதா?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்னுதுதான்."

கடைக்காரர் மூன்றை எடுத்துப் பரப்பினார். ஒன்று கம்ப்யூட்டரோடு கோர்ப்பது. விலையைக் கேட்டதும் கட்டைவிரல் அதன் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். இன்னொன்று உள்ளங்கை அகலப் பட்டன் வைத்தது, கையால் அமுக்குவது, இருப்பதிலேயே மலிவு. மூன்றாவது இரண்டு சின்ன வளைவுகள். ஒன்றைப் பலகையின் மேலே முளையை ஒட்டியும், இன்னொன்றைக் கீழேயும் மாட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் காரின் மூக்கு வெட்டும்போது மேல்வளைவு நேரத்தைத் தொடங்கும், கீழ்வளைவு நிறுத்தும். செருப்பு விலைக்குள் அடங்கியது.

கட்டைவிரலின் மனம் பட்டன் மேலேயே போயிற்று. "இதுவே போதுமே, மலிவாவும் இருக்கு."

"அமுக்குறதுக்குத்தான் உங்க கழுத்துலயே ஒண்ணு தொங்குதே சார். அப்புறம் இது எதுக்கு? வளைவ எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க. பிடிக்கலன்னா பெட்டி கிழியாம கொண்டாங்க" என்றார் கடைக்காரர். மறுக்கக் காரணம் கிடைக்காமல் கட்டைவிரல் வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பலகையில் மாட்டியதும், சன்னல் வெயில் பட்டு, கார் வராமலேயே எண் ஓடியது. கட்டைவிரலுக்கு அப்பாடா என்றிருந்தது. "பாத்தியா, மட்டமான சரக்கு. திருப்பிக் குடுத்துடலாம்."

தங்கை விடவில்லை. கார் அடைக்கும் காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து வளைவுக்குக் குடைபோல் கவிழ்த்தாள். எண் அடங்கி நின்றது.

கட்டைவிரல் ஒரே காரை வளைவிலும் ஸ்டாப்வாட்ச்சிலும் சேர்த்தே அளந்தார். வாட்ச் சொன்ன நேரம் எப்போதும் கூட, வளைவு சொன்னது குறைவு. காரை மாற்றினார். அப்போதும் அதேதான். வளைவின் கணக்கில் எல்லாமே பெட்டிக்குப் போக வேண்டிய கார்கள்.

"நீ முளையப் புடுங்கு, நான் வாட்ச் மட்டும் பாக்குறேன்" என்றார் கடைசியில்.

தங்கை பிடுங்கினாள். வாட்ச்சும் வளைவும் ஏறக்குறைய ஒரே நேரத்தைக் காட்டின. மறுபடி பிடுங்கச் சொன்னார். மறுபடியும் ஒத்துப்போயின. "உங்க வாட்ச்சுக்கு என்னையப் புடிச்சுப் போச்சு போலண்ணே" என்று சிரித்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவருக்குப் பிடிபட்டது. அவருடைய இடது கட்டைவிரல் இன்றும் சுத்தம். வலது கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அமுக்கு விழுந்து ஒரு கணம் கழித்துத்தான் முளை வெளியே வந்திருக்கிறது. வாட்ச் முன்னால் ஓட, கார் பின்னால் கிளம்பியிருக்கிறது. கை மரத்துப்போவது தெரியாது என்று அவர் சொன்னால் அது பச்சைப் பொய். சட்டைப் பட்டன் போட இடது கையைப் பழக்கியிருந்தார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. கையையும் திரும்பி வரும் கார்களையும் சேர்த்து யோசிக்க மட்டும் அவருக்குப் பயம்.

வளைவு வந்த பெட்டி கிழியவில்லை. மட்டமான சரக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி நம்பிவிடுவார். வளைவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பலகையோரம் நின்றார். பிறகு முதலாளி அறைக்குப் போனார்.

"இதையே வச்சுக்கலாம் மொதலாளி. காருங்க நல்லாத்தான் ஓடுது. நான்தான் முளைய லேட்டா புடுங்கியிருக்கேன்."

முதலாளி வளைவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இந்த மிஷினுக்குத் தனியா ஆள் வேணுமா?"

"வேணாம். யார் புடுங்குனாலும் அது சரியாக் காட்டும்."

"அப்ப உன் தங்கச்சியே மாட்டி, அவளே ஓட்டிப் பாத்துக்கட்டும். உனக்கு வேற ஏதாவது இருந்தா சொல்லி அனுப்புறேன்."

பட்டறை வாசலில் நின்று, கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்ச்சின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு முன்பக்கம்தான் இருந்தது. வலது விரல்கள் அதைத் தொட்டன, பிடிக்க முடியவில்லை. தங்கை ஓடி வந்தாள். யாரோ அதற்குள் அவளிடம் பாதியைச் சொல்லியிருந்தார்கள்.

"என் வேலை போகலையாமேண்ணே" என்றவள் அவர் கையைப் பார்த்தாள். முகம் மாறியது. கிட்டே வந்து முடிச்சைப் பிடித்தாள். "கைக்கு என்ன?"

"மரத்துப் போயிருக்கு."

"எப்ப இருந்து?"

நேற்றிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"உன் காருங்க திரும்பி வர ஆரம்பிச்சதுல இருந்து."

வெடித்த விரல்கள் முடிச்சிலேயே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அவள் அதை அவிழ்க்காமல் கையை எடுத்துக்கொண்டு, உள்ளே சக்கரம் மாட்டப் போய்விட்டாள்.