நான் மொழிபெயர்க்காத ‘ஓம்’

முதலில் அடையாளம் காட்டியது சப்பாத்து. குளிர் தொடங்கிய ஒரு காலையில் என் மனைவி ராணியால் தன் பூட்ஸின் சிப்பை இழுத்து மூட முடியவில்லை. “அலமாரிக்குள்ள கிடந்து சுருங்கிப்போச்சு,” என்றாள். நானும் சிரித்தேன். மூன்று வாரம் கழித்து மருத்துவமனையில் சொன்னார்கள்: வீங்கியிருப்பது கால், சுருங்கியிருப்பது ஈரல்.

சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் நிலை). ராணி மது தொட்டவள் அல்ல. நீரிழிவோடு சேர்ந்து ஈரலில் படிந்த கொழுப்பு, வலி எதுவும் காட்டாமல் பல வருடங்களாகத் தன் வேலையைச் செய்திருக்கிறது. அவளுடைய இதயம் பலவீனமானது என்பதால் மாற்று ஈரல் பொருத்த முடியாது. நீர் இறங்க மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, ஒழுங்கான இரத்தப் பரிசோதனை. அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்காக டொய்ச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கதைப்பவர் நீங்களாக இருக்கலாம். அப்படியானால் இது உங்களுக்காக எழுதப்பட்டது.

நான் ஊரில் இரசாயனம் படிப்பித்தவன். சுவிஸில் பாசலுக்கு வந்தபின் முப்பது வருடம் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவினேன். ஆனாலும் டொய்ச்சை இலக்கணத்தோடு கற்றேன். ராணி பள்ளிக்கூடங்களைத் துப்புரவு செய்தாள். வதிவிட அனுமதி, காப்புறுதி, டொக்டர் எல்லாவற்றிலும் அவளுக்குப் பதிலாகப் பேசியது நான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சீன மருத்துவத்தை யோசித்ததும் நான்தான். இங்கே துணைக் காப்புறுதி உள்ளவர்கள் அதை நாடுவது புதிதல்ல. நாங்கள் போன மருத்துவர் ஐம்பது வயதுச் சீனப் பெண். ராணியின் நாக்கைப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்தார். பிறகு மிகத் தெளிவாகச் சொன்னார்: “ஈரலை என்னால் சுகமாக்க முடியாது. களைப்பையும் குமட்டலையும் குறைக்க முயலலாம். மூலிகை தருவதென்றால் மருத்துவமனைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரத்த அறிக்கையையும் நான் பார்க்க வேண்டும்.”

“அவர்களுக்குத் தெரியும். மறுப்பில்லை என்றார்கள்,” என்றேன். அறிக்கை தபாலில் வரும் என்றும் சொன்னேன். இரண்டும் பொய். கழுத்துப்பட்டி கட்டிய கிழவன் சொன்னதை அவர் நம்பினார். அறிக்கை வரும்வரை என்று சொல்லி, இரண்டு வாரத்துக்கு மட்டும் மூலிகை தந்தார்.

வேர், பட்டை, உலர்ந்த பழம். ஊறவைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் மெல்லிய தீயில் காய்ச்சி வடிக்க வேண்டும். காலையும் மாலையும் நான் அடுப்படியில் நின்றேன். மணம் படிக்கட்டுவரை போனது.

“உங்கட ஆய்வுகூடம் திறந்தாச்சோ?” என்று ராணி கேட்பாள்.

“மூக்கைப் பொத்திக்கொண்டு குடியும்.”

“இதைக் குடிச்சும் நான் சாகாட்டி, வேற எதாலையும் சாகமாட்டன்.”

ஆனாலும் குடித்தாள். எட்டாம் நாள் கொஞ்சம் பசித்தது என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மீதமிருந்த சக்கைகளைக் காயவைத்துச் சேர்த்தேன். இரண்டு வாரம் முடிந்தபின் அவற்றைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினேன். அறிக்கை கேட்பார் என்பதால் சீன மருத்துவரிடம் திரும்பிப் போகவில்லை.

அடுத்த பரிசோதனையில் மருத்துவமனையின் இளம் டொக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் ராணியிடம் திரும்பினேன்.

“வேற மருந்து, மூலிகை, தேநீர் ஏதும் எடுக்கிறீரோ எண்டு கேக்கிறா.”

“ஓம், அந்தச் சீனக் கசாயம். சொல்லுங்கோவன்.”

நான் டொக்டரைப் பார்த்து “நைன்” என்றேன். இல்லை என்று அர்த்தம். அவர் கணினியில் பதிந்தார்.

இருபத்திரண்டு வருடம் சுவிஸ் பள்ளிக்கூடங்களில் வேலை செய்தவளுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. டொக்டருக்கு முன்னால் அவள் வாய் திறக்கவில்லை. ட்ராமில் ஏறி உட்கார்ந்தபின்தான் கேட்டாள்.

“ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“பிறகு சொல்லுவம்.”

“சரி. நீங்கள் படிச்சனீங்கள். உங்களுக்குத் தெரியும்தானே.”

ஏன் சொன்னேன்? இரசாயனம் படிப்பித்தவன் வேர் காய்ச்சுகிறான் என்று அந்த இளம் பெண் நினைப்பாளே என்ற வெட்கம் ஒன்று. கசாயத்தை நிறுத்தச் சொல்லிவிட்டால் ராணிக்காக என் கையால் செய்ய எதுவும் இராதே என்ற பயம் மற்றது. இரண்டும் என்னைப் பற்றியவை. அவளைப் பற்றி அதில் எதுவும் இருக்கவில்லை.

ஐந்தாம் வாரம் அவள் கண் மஞ்சளானது. ஒரு காலை, ஸ்வெட்டரின் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். “இண்டைக்கு எந்த வகுப்புக்குப் பாடம்?” என்று என்னைக் கேட்டாள். என்செபலோபதி (ஈரல் அகற்றாத கழிவு மூளையை மயக்கும் நிலை). ஆம்புலன்சில் போனோம்.

உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போன எங்கள் மகள் அடுப்படியில் கிடந்த பையோடு திரும்பி வந்தாள். “அப்பா, இது டொக்டருக்குத் தெரியுமோ?”

நான் பையை வாங்கி மடியில் வைத்தேன்.

“அம்மாவுக்காவது தெரியுமோ, டொக்டருக்குத் தெரியாதெண்டு?”

“தெரியும்,” என்றேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றே டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. “மூலிகையால் இருக்கலாம். நோயே முற்றியும் இருக்கலாம். அன்று சொல்லியிருந்தால் வாராவாரம் இரத்தம் பார்த்திருப்போம், கண்டுபிடித்திருப்போம். இனி அறிய வழியில்லை,” என்றார். தண்டனை தருவார் என்று காத்திருந்தவனுக்கு ஒரு நிச்சயம்கூடக் கிடைக்கவில்லை.

சீன மருத்துவரிடமும் போனேன். “அறிக்கை இல்லாமல் நான் தந்திருக்கக் கூடாது. அது என் பிழை,” என்று அவர் சொன்னது ஏச்சைவிடக் கடுமையாக இருந்தது. தந்த மூலிகைகளின் முழுப் பட்டியலை அப்போதே மருத்துவமனைக்கு அனுப்பினார்.

பதினேழு நாளில் ராணி தெளிந்து வீடு வந்தாள். ஈரல் முன்பிருந்த இடத்துக்குத் திரும்பவில்லை. இரத்தம் எளிதில் உறையாததால் சீன ஊசிச் சிகிச்சைக்கு (அக்குபங்சர்) மருத்துவமனை சம்மதிக்கவில்லை. குமட்டலுக்கு மணிக்கட்டின் உட்புறத்தை விரலால் அழுத்தலாம் என்றது. சீன மருத்துவர் அதை அவளுக்கு நேரே காட்டிக்கொடுத்தார். அவள் தானே அழுத்திக்கொள்கிறாள். எனக்கு அந்த இடம் இன்னும் சரியாகத் தெரியாது.

இப்போது எங்கள் காலத்தின் நீளம் பத்து நாள், ஒரு இரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்தது வரை. அதற்கப்பால் நாங்கள் எதையும் பேசுவதில்லை. நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்த உடம்பு எனக்குத் தெரிந்த உடம்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

மருத்துவமனை ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருக்கிறது. ஷாஃப்ஹவுசனிலிருந்து வருகிறாள், என் மகளின் வயது. நான் கதவருகே இருந்து கேட்கிறேன். சாப்பாடு எல்லாம் இரும்பாக ருசிக்கிறது என்று ராணி சொல்கிறாள். எவ்வளவு காலமாக? “ரெண்டு வருசமா.” உள்ளங்கால் எரிவதாகச் சொல்கிறாள். குனிந்தால் மூச்சு முட்டுவதாகச் சொல்கிறாள். அவளுக்காகப் பேசிய காலமெல்லாம் இவற்றையெல்லாம் நான் “களைப்பு” என்ற ஒற்றைச் சொல்லால் முடித்திருக்கிறேன்.

போன முறை டொக்டர் இன்னொன்றும் கேட்டார்: கணவர் அறைக்குள் இருப்பது உங்களுக்குச் சரியா?

ராணி என் பக்கம் திரும்பவில்லை. “இருக்கட்டும், பாவம். வாய் திறக்காமல் இருந்தால் போதும்.”

மொழிபெயர்க்கும் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டரிடம் திரும்பி, ஒரு சொல்லும் குறையாமல் டொய்ச்சில் சொன்னாள்.