சுருங்காத வால்வு

டாக்டர். நான். என் மனைவி சரோஜா. அவள் அண்ணன் மணியம். அறையில் இருந்தது இவ்வளவு பேர்தான். வம்புக்கு இது போதாதா?

என் நெஞ்சில் வால்வு வைத்து மூன்று மாதம் ஆகிறது. டாக்டர் சோதித்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்றார். கிள்ளான் துறைமுகத்தில், மீன் வைக்கும் குளிர் அறையில் எனக்கு வேலை. அதையும் சொன்னேன். கனம் தூக்காதே, ஜாக்கெட் போட்டுக்கொள், போ என்றார்.

அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். டாக்டருக்குப் பேச ஆசை வந்துவிட்டது. மெல்லிய கம்பி வளையம் ஒன்றை எடுத்தார். ஐஸ் தண்ணீரில் முக்கி விரலால் நசுக்கினார். சுருண்டு கிடந்தது. சுடுதண்ணீரில் போட்டார். சட்டென்று விரிந்து பழையபடி வளையமானது.

வெளிநாட்டில் இதில் வால்வு செய்து பார்க்கிறார்களாம். சுருக்கி, ரத்தக்குழாய் வழியே அனுப்பினால் உடம்புச் சூட்டில் தானே விரியுமாம். நெஞ்சைப் பிளக்க வேண்டாம். இன்னும் மிருகங்களுக்குத்தான்... மனிதனுக்கு வர நாளாகும் என்றார். உனக்கு வைத்தது வேறு, கெட்டியானது, குளிரில் சுருங்காது என்றும் சொன்னார். பாதி இங்கிலீஷ், பாதி மலாய்.

கடைசியில் சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது.

பண்டமாரானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கம்பி என் நெஞ்சுக்குள் போய்விட்டது. காரில் ஏர்கானை மணியம் அடைத்தார். வீட்டில் காற்றாடியைச் சரோஜா அடைத்தாள். இளநீர் கூடாது. மோர் கூடாது. வெள்ளரிக்காய் குளிர்ச்சியாம், வால்வை மூடிவிடுமாம்! டுரியான் பழம் சூடு என்று காலையில் ஒரு சுளை, மாலையில் ஒரு சுளை. பகல் வெயிலில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

என்னுடையது வேறு என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க படிச்சது ஆறாவது. டாக்டர் சொன்னது உங்களுக்கு என்ன புரிஞ்சிருக்கும்?" என்றாள் சரோஜா.

அவள் படித்தது ஐந்தாவது.

பயந்தவர்களிடம் விளக்கம் சொல்லி யார் ஜெயித்திருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மணியம் வந்தார். "மாப்ளே, அந்த ஐஸ் வேலை வேணாம் லா. பங்சார்ல ரொட்டி சானாய் போட ஆள் கேக்குறாங்க. நாள் பூரா அடுப்புப் பக்கம். நல்ல சூடு."

பதினெட்டு வருட வேலை. விட்டுவிட்டு ரொட்டி தட்டப் போக வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது. எழுந்தேன்.

சரோஜா மெதுவாகத்தான் சொன்னாள். "அங்க போய் உள்ள மூடிக்கிட்டா... நான் என்னங்க செய்வேன்?"

உட்கார்ந்துவிட்டேன்.

சரி, அந்தக் கம்பியே உள்ளே இருக்கட்டும். சூடு இறங்கினால்தானே அது சுருங்கும்? இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினேன். வழியில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். உடம்புச் சூடு முப்பத்தேழு இருக்க வேண்டும் என்றார் மருந்துக் கடைக்காரர். ஒரு டிகிரி இறங்கினாலும் வேலையை விடுகிறேன் என்று சரோஜாவிடம் சொன்னேன்.

ஜாக்கெட் போட்டுக்கொண்டு குளிர் அறைக்குள் கால் மணி நேரம் நின்றேன். கதவுக் கண்ணாடியில் அவள் முகம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் அவளே என் சட்டைப் பொத்தானைக் கழற்றி, அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகினாள். பிறகு எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முப்பத்தாறு புள்ளி எட்டு. ஒரு டிகிரி இறங்கலை... நாளைக்கு வேலைக்குப் போறப்ப ஜாக்கெட்டை மறக்காதீங்க."