முன்கண்ணாடியில் இரண்டு விரற்கடை

என் கணவர் பைக்கில் காற்றை மறிக்கும் முன்கண்ணாடியைத் தம் உயரத்துக்குப் பொருத்தியிருந்தார். அவர் இறந்தபின் அந்த வண்டியில் வேலைக்குப் போவது மகள். அவள் உயரம் குறைவு. கண்ணாடியைத் தாண்டும் காற்று அவள் ஹெல்மெட்டில் மோதிச் சுழல்கிறது. வீட்டுக்கு வந்தும் காது இரைகிறது.

இன்று திருப்பதியில் மெக்கானிக் சொன்னார்: "ரெண்டு வெரக்கடை வெட்டிட்டா காத்து சுழலாம நேரா வரும்மா. ஆனா மறுபடி ஒட்ட முடியாது."

"வேணாம்மா, நைனா மாட்டினது. காதுல பஞ்சு வச்சிக்கினு போறேன்" என்றாள் மகள்.

"ஓட்டுறது நீ" என்றேன். வெட்டச் சொன்னேன்.

சந்திரகிரி வரை ஓட்டிவிட்டு வந்தாள். "சத்தம் நல்லா கொறைஞ்சிடுச்சும்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

வெட்டிய துண்டு என் மேசையில் இருக்கிறது. என்ன செய்யலாம், சொல்லுங்கள். தூக்கி எறியச் சொல்பவர்கள் மட்டும் எழுத வேண்டாம்.