கணக்கில் வராத அடுப்படி

எமன் வீட்டுக்குள் வரச் சன்னல் தேடுவான் என்று உங்களிடம் யார் சொன்னது? சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் வீட்டில் சமைப்பது அவராக இருக்காது.

நாகல் நகர் ஆனந்த்ராஜிடம் ஒரு வாஸ்துக்காரர் அப்படித்தான் சொன்னார். தெற்கு எமன் திசையாம், அடுப்படிக்குத் தெற்கே சன்னல் ஆகாதாம். ஆனந்த்ராஜ் ஏ.சி. மெக்கானிக். கடிகாரம் காட்டும் நேரத்தைக்கூடப் போனில் சரிபார்த்துவிட்டுத்தான் நம்புவார். அந்த மனிதர் இதை மட்டும் அளக்காமல் நம்பி, சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார். கிழக்கே பக்கத்து வீட்டுச் சுவர். அடுப்படிக்கு மிஞ்சியது ஹாலுக்குப் போகும் கதவு ஒன்றுதான்.

போன சித்திரையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கௌசல்யா அடுப்பு முன்னால் மயங்கி விழுந்தார். சூடுதான் காரணம், இன்னொரு முறை விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். கண் பட்டிருக்கிறது என்றார்கள் அக்கம்பக்கத்தார். உப்பும் மிளகாயும் சுற்றினார்கள். சுற்றியதைப் போட்டு எரித்ததும் அதே அடுப்படியில்தான்.

ஆனந்த்ராஜ் உண்மையிலேயே பயந்துபோனார். டேப்பை எடுத்து வீட்டை அளந்தார். ஒவ்வொரு சுவரின் பரப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள சூட்டு வித்தியாசம், மேற்குச் சுவரில் விழும் சாயங்கால வெயில், மொட்டைமாடி பகலெல்லாம் குடித்துவிட்டு ராத்திரி கக்கும் சூடு, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து ஹாலுக்கு ஏற்ற ஏ.சி. ஒன்றை மாட்டினார். குளிர் வீணாகக் கூடாதென்று அடுப்படிக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டையும் ஒட்டினார். சமைக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார்.

ஆக, மயங்கி விழுந்தவரைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் குளிர்ந்தது.

இந்தப் பங்குனியில் கௌசல்யாவுக்கு மறுபடி தலை சுற்றத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு கொதிக்கையில் தாங்க முடியாமல் கதவைத் திறந்தார். குளிரெல்லாம் போகிறது, சாத்து என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, ஆயக்குடியில கொய்யாவுக்குக் குளிர் ரூம் போட்டீங்கள்ல. பறிச்ச காயும் மூச்சு விடும், அந்தச் சூட்டையும் கணக்குல கூட்டணும்னு அம்புட்டுப் பெருமையாச் சொன்னீங்க. நான் விடுற மூச்சு எந்தக் கணக்குல இருக்கு?"

அடுப்படியில் ஏ.சி. மாட்டுவதில்லை, அதனால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது தொழில் வழக்கம் என்று ஆனந்த்ராஜ் பொறுமையாக விளக்கினார். கௌசல்யாவும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கரண்டியை அவர் கையில் கொடுத்தார். குழம்பு இறங்கும்வரை நீங்கள் உள்ளே இருங்கள் என்று சொல்லி, ஹாலுக்கு வந்து கதவைச் சாத்தினார். ரப்பர் பட்டை தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது.

குழம்பு இறங்குவதற்கு முன் ஆனந்த்ராஜ் வெளியே வந்துவிட்டார். தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மறுபடி கணக்குப் போட உட்கார்ந்தார். இந்த முறை அடுப்பு, குக்கர் ஆவி, நிற்கிற ஆள் மூன்றையும் சேர்த்தார். உள்ளே பிறக்கிற சூடு வெளியேறச் சுவரைத் தவிர வழியில்லை. அந்தச் சுவரோ பங்குனி வெயிலை வாங்கி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. வெளியேறும் சூட்டுக்கு எதிரே பூஜ்யம் என்றுதான் எழுத முடிந்தது.

சன்னலைத் திறப்பதுதான் வழி என்று கணக்கு சொல்லிவிட்டது. ஆனாலும் கை வரவில்லை. வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். சன்னலைத் தொடாதீர்கள், தெற்குச் சுவரில் ஒரு செம்புத் தகடு பதித்தால் போதும் என்றார் அவர். செம்பு எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்று ஆனந்த்ராஜ் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"எமனுக்குப் பயந்துதான யோசிக்கிறீங்க? போன சித்திரையில வந்து என்னைய எட்டிப் பாத்துட்டுத்தான் போனாரு. அன்னைக்குச் சன்னல் அடைச்சுத்தான் கெடந்துச்சு."

ஆனந்த்ராஜ் உளியை எடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் சன்னல் திறந்துவிட்டது. அதற்கு மேலே, சூட்டை வெளியே இழுத்துத் தள்ள ஒரு விசிறியும் மாட்டினார். சித்திரை வந்தது. இப்போதும் கௌசல்யாவுக்கு வியர்க்கிறது. ஆனால் சமைத்து முடித்துத் தன் காலில் நடந்து வெளியே வருகிறார்.

பழம் அழுகினால் வியாபாரி சட்டையைப் பிடித்துக் கேட்பார். அதனால் பழத்தின் மூச்சுக்குக் கணக்கு இருக்கிறது. பெண் விழுந்தால் கண்பட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இப்போது ஆனந்த்ராஜ் போகிற வீட்டிலெல்லாம் அடுப்படியையும் அளக்கிறார். அது எதுக்குண்ணே, ஹாலை மட்டும் பாருங்க என்று பல வீடுகளில் ஆண்கள் சிரிக்கிறார்கள்.

நீங்களும் சிரித்திருந்தால் ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை உங்கள் வீட்டில் கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை நீங்களே தோசை வார்த்துப் போடுங்கள். பிறகு அந்த அறையில் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று தேடுங்கள். வழி இல்லையென்றால், நல்ல நேரம் பார்க்காமல் அன்றைக்கே ஒன்றை உடைத்துத் திறங்கள்.