பெர்கனில் குடித்த காபி

நார்வே நாட்டின் மேற்குக் கரையில் பெர்கன் என்றொரு பழைய துறைமுகப் பட்டணம் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு முறை அங்கே போனேன். ஊர் பார்க்கப் போவதாகத்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையில் அக்காவுக்கு மருந்து தேடித்தான் போனேன்.

அக்காவுக்குக் குஷ்டம். பெங்களூர் கண்டோன்மென்டில் எங்கள் வீட்டின் பின்கட்டு அறையில் இருந்தாள். சர்ச் சபையில் யாராவது விசாரித்தால், கோலாரில் டீச்சராக இருக்கிறாள் என்போம். அவளுடைய பித்தளைத் தம்ளர் தனியாக ஜன்னல் கட்டையில் இருக்கும். அவள் அதை நீட்டுவாள். நாங்கள் கை படாமல் உயரத்திலிருந்து காபி ஊற்றுவோம். வீட்டில் அதுதான் வழக்கம்.

அவளுக்கு வாராவாரம் ஊசி போட வந்த டாக்டர் ஒருநாள் பேச்சுவாக்கில், இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தது பெர்கனில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கிருமியக் கண்டுபுடிச்சவன் மருந்து கண்டுபுடிக்காமயா இருப்பான்? அந்த ஊர்ல கண்டிப்பா இருக்கும்டா."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பள்ளிக்கூட வாத்தியாரான என்னை மிஷன்காரர்கள் பயிற்சிக்காக இங்கிலாந்து அனுப்பினார்கள். பயிற்சி முடிந்ததும் அங்கிருந்து பெர்கனுக்குக் கப்பலேறிவிட்டேன்.

இறங்கியபோது மழை. நம் ஊர் மழைபோல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற புத்தி அதற்குக் கிடையாது. அழுமூஞ்சிப் பிள்ளை மாதிரி நசநசவென்று பெய்துகொண்டே இருந்தது. துறைமுகத்தோரம் பழங்கால வியாபாரிகளின் மர வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி நின்றன. தலைமுறை தலைமுறையாகக் கருவாடு விற்ற இடமாம். சந்துக்குள் நுழைந்தால் தாரும் மீனும் கலந்த வாடை. இதைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு குஷ்ட ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டேன்.

ஒரு காலத்தில் நிரம்பி வழிந்த ஆஸ்பத்திரியாம். நான் போனபோது சில கிழவர் கிழவிகள் மட்டுமே மிச்சம். அங்கிருந்த டாக்டர் என்னை மரியாதையாக உட்காரவைத்து, இந்த ஊரில் இப்போது புதிதாக யாருக்கும் இந்த நோய் வருவதில்லை என்றார். மருந்தின் பெயரைக் கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அப்படி ஒரு மருந்து இல்லை என்றார். ஏதோ ஒரு எண்ணெயை வரவழைத்து ஊசி போட்டுப் பார்த்தார்களாம், பெரிய பலன் இல்லையாம். அலமாரியிலிருந்து புட்டியை எடுத்துக் காட்டி, "இது உங்கள் நாட்டு எண்ணெய்தானே?" என்றார். நீரடிமுத்து எண்ணெய். வாராவாரம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொள்கிற அதே ஊசி மருந்து. அப்படியானால் நோய் எப்படிப் போயிற்று என்று கேட்டேன். நோயாளிகளைத் தனியே வைத்தோம், ஒவ்வொருவராக இறந்துபோனார்கள் என்றார்.

வெளியே வரும் வழியில் ஆஸ்பத்திரியின் சமையலறை இருந்தது. அடுப்போரம் விரல் மழுங்கிய ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நர்ஸ். நான் மழையில் நனைந்திருந்ததைப் பார்த்துக் கிழவி இரண்டு கைகளாலும் கெண்டியைத் தூக்கி, ஒரு கோப்பையில் காபி ஊற்றி நீட்டினாள். நான் நர்ஸைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே அந்தக் கெண்டிக் காபியைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். வாங்கினேன். கிழவியின் கை என் கையில் பட்டது. குடிக்கக் குடிக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீடு திரும்பியதும் நேரே அக்காவின் அறைக்குப் போனேன். எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்போ நாங்க செத்தாத்தான் இந்த நோவு போவும். அதானே அவங்க கண்டுபுடிச்சது?" என்றாள்.

ஜன்னல் கட்டையில் அவள் பாதி குடித்து வைத்த காபி இருந்தது. தம்ளரை எடுத்து வாய் வைத்துக் குடித்தேன். அக்கா அலறிக்கொண்டு எழுந்து அதைத் தட்டிவிட்டாள். காபி சுவரெல்லாம் தெறித்தது.

"புள்ளகுட்டிக்காரன்டா நீ! உனக்கென்ன பைத்தியமா?"

அதற்குப் பிறகு அவள் சாகும்வரை, என் காலடிச் சத்தம் கேட்டாலே அந்தத் தம்ளரைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துவிடுவாள்.